முன்கணிப்பு மன்றமும் ஒரு தூணும்

லோவெல் ஹேவர்ஸ்டிக்குக்கு விளங்காதது ஒரே ஒரு கணக்குதான். வாரத்துக்குப் பதினாறு கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்கள். அவற்றில் ஏறக்குறைய நான்கில், தோற்க வேண்டிய அணி ஜெயித்துவிடும். பல வருடங்களாக இப்படித்தான். யார் ஜெயிப்பார்கள் என்று கணிக்கும் ஊர்ப் போட்டிக்கு லோவெலும் வாரா வாரம் பன்னிரண்டு ஆட்டங்களுக்குப் பலமான அணியின் பெயரையும், நான்கு ஆட்டங்களுக்குப் பலவீனமான அணியின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். விகிதம் கச்சிதம். அப்படியும் அவருக்குச் சரியாக வருவது சராசரியாகப் பத்துதான். ஆட்டமே பார்க்காமல் எழுதிக் கொடுக்கும் ஊர்ப் பல் மருத்துவருக்குப் பதினொன்று வந்தது.

எந்த ஆட்டக்காரனுக்கு எந்த முழங்காலில் வலி என்பது லோவெலுக்குத் தெரியும். எந்தப் பயிற்சியாளர் கோபம் வந்தால் கோட்டைக் கழற்றுவார், எவர் கழற்றாமல் கத்துவார் என்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்த மனிதர் பெல்ஸ்பர்க் முன்கணிப்பு மன்றத்தில் கடைசி இடத்தில் இருந்தார். கடைசி இடம் என்றால் தூண்.

தூணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டில்மன் கல்லூரியின் பழைய ஆட்டக்கூடத்தைக் கட்டிய காலத்தில், அவ்வளவு அகலத்துக்குக் கூரையைத் தாங்க நீளமான இரும்பு உத்தரங்கள் கிடைக்கவில்லை. அதனால் நான்கு தூண்களை நிறுத்தி, பாரத்தை அவற்றின் மேல் இறக்கினார்கள். மூன்று தூண்கள் நடைவழியில் யாருக்கும் தொந்தரவில்லாமல் நிற்கின்றன. நான்காவது, மன்றத்துக்கென்று ஒதுக்கிய இருக்கைகளின் நட்டநடுவில் நிற்கிறது. அதன் பின்னால் உட்கார்ந்தால், பந்து போடும் இரண்டு வளையங்களில் ஒன்று மட்டும் தெரியும். பந்து அந்தப் பக்கம் போனால் அதை மறுபடி பார்ப்பதற்குள் யாரோ இரண்டு புள்ளி எடுத்திருப்பார்கள். லோவெல் தொழிலால் கண்ணாடிக் கடைக்காரர். ஊரில் பாதிப் பேர் அவர் போட்டுக்கொடுத்த கண்ணாடியில்தான் ஆட்டம் பார்த்தார்கள். அவர் மட்டும் இரண்டு ஆட்டப் பருவங்களாகச் சிமெண்ட் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்றம் ஆரம்பத்தில் இப்படி இல்லை. முடிதிருத்தும் கடையில் ஒரு ஷூ பெட்டி இருந்தது. போகிறவர் வருகிறவர் துண்டுச் சீட்டில் யார் ஜெயிப்பார்கள் என்று எழுதிப் போட்டார்கள். அதிகம் சரியாகச் சொன்னவருக்கு 'சர்க்கரைக் கிரீம் பை' என்ற இனிப்புப் பண்டம் ஒன்று. அவ்வளவுதான். பிறகு உயர்நிலைப் பள்ளி முதல்வராக இருந்து ஓய்வு பெற்ற ராய்ஸ் டில்லிங்ஹாம் கைக்கு அந்தப் பெட்டி வந்தது. பெட்டிக்கு ஒரு கமிட்டி வேண்டும் என்றார் அவர். கமிட்டிக்கு விதிகள் வேண்டும் என்றது கமிட்டி. விதிகளை வாசிக்குமுன் மேசையில் தட்ட ஒரு சுத்தியல் வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் மெதடிஸ்ட் தேவாலயத்தின் அடித்தளத்தில் கமிட்டி கூடி, இரண்டு மணி நேரம் விவாதித்து, அந்த வார ஆட்டங்களின் பட்டியலைத் தயாரிக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் பலமான அணி மேல் வரியில், பலவீனமான அணி கீழ் வரியில். உறுப்பினர் அதில் ஒன்றைத் தேர்ந்து, பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லாத கணிப்பு செல்லாது. காரணங்களைச் சரிபார்க்க கிளெண்டா போட்டீட் என்ற அம்மையார் இருந்தார். அவருக்கென்று தனி முத்திரையும் இருந்தது.

மொத்த மதிப்பெண்ணின்படி உட்காரும் இடம். முதல் இடத்துக்கு மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேர் எதிர் நாற்காலி, கடைசி இடத்துக்குத் தூண். இந்தப் பருவத்தில் புதிதாக ஒரு விதியும் சேர்ந்திருந்தது. பருவ முடிவில் கடைசியாக இருப்பவர், அடுத்த பருவம் முழுவதும் உள்ளே உட்கார முடியாது. கூடத்தைச் சூடாக்கும் கொதிகலன் அறைக்குப் போகும் வழியில் ஒரு நாற்காலி போடப்படும். அங்கே ஒரு ஒலிபெருக்கி இருந்தது. அதில் புள்ளிகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

'நீர்நாய்கள்' என்று ஊரே கொண்டாடும் டில்மன் அணியின் ஆட்டத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காதால் கேட்பதா? லோவெல் ஜனவரியில் தலைவரைத் தேடிப் போனார். ராய்ஸ் கோட்டின் மார்பு முழுக்கச் சின்னச் சின்ன வெண்கலப் பொத்தான்கள் மின்னின. அவை துணிவுப் பொத்தான்கள். பலவீனமான அணியைத் துணிந்து தேர்ந்து, தக்க காரணத்தோடு தோற்றவருக்கு மன்றம் தருவது.

"சார், நான் நாலு ஆட்டத்துக்குக் கீழ் வரியை எழுதறேன். நாலு ஆட்டத்துல கீழ் வரிதான் ஜெயிக்குது. அப்புறம் ஏன் சார் எனக்கு வரமாட்டேங்குது?" என்றார் லோவெல்.

ராய்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லோவெல் போட்டுக்கொடுத்த கண்ணாடிதான். "லோவெல், பள்ளிக்கூடத்துலயும் நீ இப்படித்தான். விடை வரலேன்னு அழுவே. விடையா முக்கியம்? இந்த மன்றத்துல விடைக்காக யாரும் உட்கார்ந்திருக்கலே."

"மார்க் விடைக்குத்தானே சார் போடறீங்க?"

"அது நிர்வாகம். நான் பேசறது பண்பாடு. மேல் வரியை யார் வேணா எழுதலாம். என் பூனைகூட எழுதும். கீழ் வரியை எழுதறவன்தான் ஆட்டத்தைப் புரிஞ்சவன். நீ வெறும் நாலு எழுதறே. ஆறு எழுது! துணிஞ்சு எழுது! எனக்குப் போன வாரம் எத்தனை பொத்தான் கிடைச்சுது தெரியுமா?"

"எத்தனை சரியா வந்துது சார்?"

"அதைப் பத்தி நான் யோசிச்சதில்லே" என்றார் ராய்ஸ், உண்மையாகவே.

லோவெல் ஆறு எழுதினார். மதிப்பெண் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இறங்கியது. மூன்று பொத்தான்கள் கிடைத்தன. மனைவி காரின் அவற்றைச் சட்டையில் தைக்க மறுத்துவிட்டாள். "ஒவ்வொரு தடவை தோக்கறப்பவும் பொத்தான் தைக்க ஆரம்பிச்சா, மார்ச்சுல உன் சட்டையே நிமிர்ந்து நிக்கும்" என்றாள்.

காரணம்தான் தன் பலவீனம் என்று லோவெலுக்கு அடுத்துத் தோன்றியது. கிளெண்டா சனிக்கிழமைகளில் காரணப் பயிற்சி வகுப்பு நடத்தினார். மடக்கு நாற்காலிகள், பெரிய பாத்திரத்தில் காப்பி, கரும்பலகை. லோவெல் முன்வரிசையில் உட்கார்ந்தார். தன் சீட்டை நீட்டினார்.

"இது என்ன?" என்றார் கிளெண்டா. "'இவங்க நல்லா ஆடறாங்க.' லோவெல், இது காரணம் இல்லே. இது தகவல்."

"ஆனா நிஜமாவே நல்லா ஆடறாங்க."

"அதான் சொல்றேன், தகவல்னு. காரணம்னா படிக்கறவங்க 'அட, இது எனக்குத் தோணலையே'ன்னு சொல்லணும். இப்ப பாருங்க, நான் எழுதினது. 'இந்த அணி பனியில ஆறு மணி நேரம் பஸ்ல வந்திருக்கு, அதனால கோபமா இருக்கும், அதனால ஜெயிக்கும்.'"

"போன வாரம் 'பனியில பஸ்ல வந்ததால களைச்சிருக்கும், அதனால தோக்கும்'னு எழுதியிருந்தீங்களே?"

"ரெண்டுமே செல்லும்" என்று கிளெண்டா முத்திரையைத் தட்டிக் காட்டினார். "காரணம் இல்லாம சரியா சொல்றது குருட்டு அதிர்ஷ்டம். காரணத்தோட தப்பா சொல்றதுக்குப் பேர் அனுபவம். இந்த ஊர்ல என்னைவிட அனுபவசாலி யாரும் கிடையாது."

அன்றிலிருந்து லோவெலின் காரணங்கள் மெருகேறின. 'பயிற்சியாளருக்குப் புதுப் பேரன் பிறந்திருக்கிறான்.' 'எதிரணியின் சீருடை மஞ்சள். மஞ்சள் பதற்றம் தரும்.' எல்லாவற்றிலும் முத்திரை விழுந்தது. மதிப்பெண் மட்டும் ஏறவில்லை. தூணில் ஒரு விரிசல் கென்டக்கி மாநிலத்தின் வடிவத்தில் இருப்பதை அவர் கண்டுபிடித்தார்.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு மதியம் பனி கொட்டியது. கடைக்கு ஆள் வரவில்லை. காரின் பன்றி இறைச்சி ரொட்டி கொண்டுவந்தாள். எங்கள் பக்கத்தில் உள்ளே வைக்கும் இறைச்சித் துண்டு, ரொட்டியைவிட இரண்டு மடங்கு அகலமாக இருக்கும். சுற்றி வரக் கடித்து முடித்துத்தான் நடுவுக்கு வர வேண்டும். அவள் கடித்துக்கொண்டே விதைக் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தைப் புரட்டினாள். லோவெல், கண் பரிசோதனைக்கு வரும் குழந்தைகளுக்காக வைத்திருந்த மிட்டாய் ஜாடியைக் குலுக்கினார். அதில் சிவப்பு மூன்று பங்கு, பச்சை ஒரு பங்கு. எந்த நிறம் வரும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். பிறகு அதை உள்ளே போட்டு மறுபடி குலுக்குவார்.

"சிவப்பு" என்றார். சிவப்பு. "சிவப்பு." சிவப்பு. "இப்ப பச்சை வந்தே ஆகணும்." சிவப்பு.

"நீயும் சொல்லேன்" என்றார் மனைவியிடம்.

"சிவப்பு."

பச்சை வந்தது. "பாத்தியா! அடுத்து?"

"சிவப்பு."

"யோசிச்சுச் சொல்லு, காரின்."

"சிவப்புதான்." அவள் தக்காளிப் பக்கத்தில் இருந்தாள்.

லோவெல் யோசித்து யோசித்துச் சொன்னார். சிவப்பு தொடர்ந்து வந்ததும் பச்சைக்கு மாறினார். பச்சை வந்ததும் உற்சாகமாகி இன்னொரு பச்சை சொன்னார். காரின் பக்கத்தைத் திருப்புவதும் சிவப்பு என்பதுமாக இருந்தாள். ரொட்டி தீரும்போது யார் முன்னால் இருக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

"எப்படிச் சொல்றே? உள்ளே என்ன கணக்குப் போடறே?"

"கணக்கு என்ன கணக்கு? ஜாடியில சிவப்பு அதிகமா இருக்கு. பூசணி விதை ரெண்டு பாக்கெட் போதுமா?"

லோவெல் கையிலிருந்த மிட்டாயை உள்ளே போட்டு மூடினார். ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண் பரிசோதனைப் பலகையின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

அவர் எழுதியது இதுதான். பதினாறு முறை எடுத்தால் பன்னிரண்டு சிவப்பு, நான்கு பச்சை வரும். நானும் பன்னிரண்டு முறை சிவப்பு, நான்கு முறை பச்சை சொல்கிறேன். ஆனால் பச்சை எந்த நான்கில் வரும் என்று எனக்குத் தெரியாது. தெரியாதபோது, நான் பச்சை சொல்லும் நான்கு முறையும் ஜாடி தன் வழக்கப்படி மூன்று சிவப்பு, ஒரு பச்சைதான் தரும். அங்கே எனக்குச் சரியாவது ஒன்று. சிவப்பு சொல்லும் பன்னிரண்டிலும் நாலில் மூன்று, அதாவது ஒன்பது. ஆகப் பத்து! காரினோ பதினாறு முறையும் சிவப்பு சொல்கிறாள். அவளுக்குப் பன்னிரண்டு. பச்சையைப் பிடிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் நான் முக்கால் கொடுத்துக் கால் வாங்குகிறேன். ஆச்சரியங்கள் எத்தனை வரும் என்று தெரிவது வேறு, எப்போது வரும் என்று தெரிவது வேறு. எனக்குத் தெரிந்தது முதலாவது மட்டும்.

பத்து! இரண்டு பருவங்களாக அவரைத் துரத்திய அதே பத்து. லோவெல் எழுந்து காரினின் உச்சந்தலையில் முத்தமிட்டார்.

"மூணு பாக்கெட்டே வாங்கு" என்றார்.

அடுத்த சீட்டில் பதினாறு ஆட்டங்களுக்கும் மேல் வரியை எழுதினார். காரணம் என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒன்றே: 'கமிட்டி இந்த அணிதான் பலமானது என்று சொல்லியிருக்கிறது.' பன்னிரண்டு வந்தது. அடுத்த வாரம் பதின்மூன்று. மூன்றாவது வாரம் விசாரணைக்கு அழைப்பு வந்தது.

தேவாலய அடித்தளத்தில் கமிட்டி நீள மேசையின் பின்னால் உட்கார்ந்திருந்தது. லோவெலுக்கு ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் நாற்காலி. முழங்கால் முகவாய் உயரத்துக்கு வந்தது. ராய்ஸ் சுத்தியலைத் தட்டினார்.

"குற்றச்சாட்டு, முன்கணிப்பில் முயற்சியின்மை. லோவெல், நீ எல்லா ஆட்டத்துக்கும் மேல் வரியை எழுதினியா?"

"ஆமா சார்."

"வெட்கமா இல்லே?"

"பன்னிரண்டு வந்துது சார்."

"அதான் கேக்கறேன், வெட்கமா இல்லேயான்னு!" ராய்ஸ் எழுந்து நின்றார். பொத்தான்கள் கலகலத்தன. "இந்தக் கமிட்டி வாரா வாரம் ரெண்டு மணி நேரம் மூளையைக் கசக்கிப் பட்டியல் போடுது. எதுக்கு? நீங்க அதை எதிர்த்து யோசிக்கணும்கறதுக்கு. நீ என்ன பண்ணியிருக்கே? எங்களை நம்பியிருக்கே. யாரைக் கேட்டு நம்பினே? இப்படி ஒவ்வொருத்தரா எங்களை நம்ப ஆரம்பிச்சா இந்த மன்றம் எதுக்கு? நான் எதுக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விதிகளில் இடமில்லை.

கிளெண்டா இருமினார். "விதிப்படி அவர் செஞ்சது தப்பில்லே, ராய்ஸ். ஆனா இனிமே இந்தக் காரணம் செல்லாது. கமிட்டி சொன்னதுங்கறது தகவல்." பிறகு நடைமுறைப்படி தரவரிசையின் கடைசிப் பகுதியை வாசித்தார். லோவெல் இன்னும் கடைசிதான். ஆனால் இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது. அவருக்கு ஒரு படி மேலே இருந்தவர் மன்றத் தலைவர் ராய்ஸ் டில்லிங்ஹாம். இத்தனை பொத்தான்களைச் சம்பாதித்தவர் வேறு எங்கே இருக்க முடியும்? லோவெல் மேலே வந்தால் கொதிகலன் அறை யாருக்கு என்பது எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. எல்லாரும் காப்பிக் கோப்பையைப் பார்த்தார்கள்.

மன்றம் ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தது. இனி அணிகளின் பெயர் அகரவரிசையில் அச்சிடப்படும். கமிட்டி வழக்கம் போல இரண்டு மணி நேரம் விவாதித்துத் தரம் பிரிக்கும். ஆனால் அந்த முடிவு யாரும் பார்க்காதபடி உறையில் ஒட்டப்பட்டு, தேவாலயச் சமையலறையின் உறைபெட்டியில், துக்க வீடுகளுக்கென்று செய்து வைத்த நூடுல்ஸ் தட்டுகளுக்கு நடுவே வைக்கப்படும். ஒரு வாரம் உறைக்குப் பதிலாகத் தட்டைப் பிரித்துவிட்டார்கள். கமிட்டி அதைச் சூடாக்கிச் சாப்பிட்டு, ஒருமனதாகக் கலைந்தது.

இந்தச் சீர்திருத்தம் லோவெலை ஒன்றும் செய்யவில்லை. எந்த அணி எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்று தினசரியில் போடுகிறார்களே! அதிகம் ஜெயித்த அணியை எழுதினார். ஆட்டத்துக்கு ஓர் அபத்தக் காரணமும் எழுதினார். 'இந்த அணியின் பஸ் ஓட்டுநர் நிதானமானவர்.' 'எதிரணிப் பயிற்சியாளர் மீசை வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்.' கிளெண்டா மீசைக்கு இரண்டு முத்திரை குத்தினார். "இப்பதான் லோவெல் நீங்க யோசிக்க ஆரம்பிச்சிருக்கீங்க" என்றார் பூரிப்போடு.

மார்ச் நடுவில் லோவெல் ராய்ஸை ஒரே ஒரு மதிப்பெண்ணில் முந்தியிருந்தார். மிச்சமிருந்தது ஒரே ஆட்டம். சொந்தக் கூடத்தில் டில்மனுக்கும் பிராக்வேக்கும். பிராக்வே அந்த வருடம் கிட்டத்தட்ட தோற்கவே இல்லை. டில்மன் கிட்டத்தட்ட ஜெயிக்கவே இல்லை.

லோவெல் பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"என்ன யோசனை? சிவப்பு எது?" என்றாள் காரின்.

"பிராக்வே. ஆனா நம்ம பசங்களுக்கு எதிரா நான் எப்படி எழுதுவேன்?"

"எழுதறதால பந்து வளையத்துக்குள்ள போகாதா? நீ கையெழுத்து போடறது சீட்டுல, பந்துல இல்லே. எழுதிட்டு வந்து கத்து."

லோவெல் பிராக்வே என்று எழுதினார். ராய்ஸ் டில்மன் என்று எழுதி, அதைப் பொதுக்கூட்டத்தில் வாசித்தும் காட்டினார். "சிலர் சொந்த ஊருக்கு எதிரா எழுதியிருக்காங்க. பேர் சொல்ல விரும்பலே. அவர் கண்ணாடி விக்கறவர்."

ஆட்டத்தன்று தரவரிசைப்படி தூண் ராய்ஸுக்கு. பக்கத்து நாற்காலி லோவெலுக்கு. முதல் பாதியில் பிராக்வே எளிதாக முன்னேறியது. லோவெல் பத்திரமாக இருந்தார். அதனால் அவருக்குத் துக்கமாக இருந்தது. இரண்டாம் பாதியில் டில்மனின் குட்டையான பையன் ஒருவன் தூரத்திலிருந்து எறிய ஆரம்பித்தான். ஒன்று விழுந்தது. இன்னொன்று. கூடம் எழுந்து நின்றது. ராய்ஸ் தூணைச் சுற்றித் தலையை நீட்டி, "என்னாச்சு? உள்ளே போச்சா?" என்று அலறினார்.

"போச்சு சார்! போச்சு!" லோவெல் நாற்காலியின் மேல் ஏறியிருந்தார். தன் மதிப்பெண் போகிறது என்ற நினைப்பு அவருக்கு நடுவில் ஒருமுறை வந்தது. அதையும் சேர்த்துக் கத்தினார்.

டில்மன் ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. ராய்ஸும் லோவெலும் தூணைச் சேர்த்து அணைத்துக்கொண்டு குதித்தார்கள்.

பிறகுதான் கிளெண்டா கணக்கைக் கூட்டினார். இருவரும் சமம். கடைசி இடத்தில் இரண்டு பேர். மன்றம் அவசரமாகக் கூடியது. இருவரையும் கொதிகலன் அறை வழிக்கு அனுப்பலாம் என்றால், அங்கே இரண்டாவது நாற்காலி போட்டால் வழி அடைபடும் என்று தீயணைப்புத் துறை மறுத்துவிட்டது. யாரை அனுப்புவது என்று பொத்தான்களை வைத்துத் தீர்மானிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பொத்தான் அதிகமிருந்தால் உள்ளேயா வெளியேயா என்பதில் கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. கோடை முழுவதும் விவாதம் நடந்தது. முடிவில், இருவரும் தூணுக்கே என்று தீர்ப்பாயிற்று. ஆளுக்கு ஒரு பக்கம்.

நவம்பரில் புதிய பருவத்தின் முதல் ஆட்டம். ராய்ஸுக்கு இடது வளையம் தெரிந்தது, லோவெலுக்கு வலது. பந்து இந்தப் பக்கம் வரும்போது இவர் சொல்வார், அந்தப் பக்கம் போகும்போது அவர் சொல்வார். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆட்டம். இடைவேளையில் ராய்ஸ் சோளப்பொரிப் பையைத் தூணைச் சுற்றி நீட்டினார்.

"லோவெல், பதினாறு, பதினேழு வயசுல நீ என்கிட்ட கேள்வி கேப்பே. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். கிளெண்டா காதுல விழக்கூடாது."

"கேளுங்க சார்."

"எப்படிய்யா பன்னிரண்டு வருது?"

லோவெல் பொரியை ஒரு பிடி அள்ளிக்கொண்டார்.

"யாரு அதிகம் ஜெயிச்சிருக்காங்களோ, அவங்க பேரையே எல்லா ஆட்டத்துக்கும் எழுதுங்க சார். நாலுல ஒண்ணு தப்பாப் போகும். அது எதுன்னு யாருக்கும் தெரியாது. அதனால அதைப் பிடிக்கப் போகாதீங்க. காரணம்கிற இடத்துல மீசைன்னு போட்டுருங்க."